உச்சிமாகாளியின் விசேஷம்

குளவிக்கு வீடு பிடித்துக்கொடுக்க புரோக்கர் வேண்டியதில்லை. ஜன்னல் மூலையோ, கதவிடுக்கோ, சாமி படத்தின் பின்பக்கமோ, எது பிடிக்கிறதோ அதுதான் அதன் வீடு, அப்புறம் வீட்டுக்காரன் தலைகீழாக நின்று தண்ணி குடித்தாலும் அது மண் சுமப்பதை நிறுத்தாது. செக்கடித் தெருவுக்கு வந்த அந்தக் கறுப்புக் குளவியும் அப்படித்தான், நூலாய் ஒடுங்கிய இடுப்பில் ஒரு மஞ்சள் வளையத்தை மாட்டிக்கொண்டு, தெருவிலுள்ள வீடுகளில் எல்லாம் நுழைந்து பார்த்து, ஒரு வீட்டு டியூப்லைட்டை முகர்ந்து, பிடிக்காமல், கோயில் மணிக்குள் தலையை நீட்டி, அதுவும் பிடிக்காமல், கடைசியில் ஆவுடையின் வீட்டுக்குள் வந்தது. அங்கே மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுச் சட்டையில்லாமல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான் அவள் புருஷன், பரோட்டா மாஸ்டர் உச்சிமாகாளி. குளவி அவன் தொப்பையை வலமாகச் சுற்றியது, இடமாகச் சுற்றியது, தொப்புளுக்கு மேலே தன் முதல் மண் உருண்டையை வைத்து, ஙொய்ய்யென்று பாடிக்கொண்டே பூச ஆரம்பித்தது.

வேறு ஊராக இருந்தால் டிவிக்காரன் வேனை எடுத்துக்கொண்டு வந்திருப்பான். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஆவுடை, சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அசையாமப் படுங்க, கூடு கட்டுது" என்றாள், அவனும் தூக்கத்திலேயே "ம்" என்றான், அவ்வளவுதான்.

குளவிக்கூட்டைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. குளவி கூடு கட்டின வீட்டில் தொட்டில் ஆடும். செம்மண் கூடென்றால் பெண், கரிசல் மண் கூடென்றால் ஆண். கூட்டை இடித்தால் கரு கலையும், அதனால் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவன்கூடக் கூட்டைச் சுற்றி வட்டம் விட்டுத்தான் அடிப்பான். ஆவுடையின் வீட்டுச் சுவரில் மட்டும் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு குளவியும் மண் வைக்கவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது, அது ஒரு கேள்வி. "வீட்டுல விசேஷம் ஏதும் உண்டா?" குழாயடியில் அதே கேள்வி, ரேஷன் கடையில் அதே கேள்வி, கல்யாண வீட்டில் இலை போடுகிறவன் வரைக்கும் அதே கேள்வி. ஒரே ஒரு தடவை, கல்யாணமான மறு வருஷம், 'உண்டு' என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அது கலைந்து போனது, பேர்கூட வைக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவளுக்குக் கையும் காலும் மரத்துப்போகும், குடத்தைத் தூக்க வராது.

கேட்பதில் தலைவி எதிர்வீட்டுச் செல்லக்கிளி மதினி. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது, காய்ச்சல் என்றால் முதல் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் வரும். ஆனால் அவளிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. "குளவி புழுவைக் கொண்டாந்து கூட்டுக்குள்ள வச்சுக் கொட்டுது பாரு, கொட்டக் கொட்டப் புழுவே குளவியாயிரும். அது மாதிரித்தான்ட்டி இதுவும். கேக்கக் கேக்கத்தான் பிள்ளை உண்டாகும். நான் கேக்காம விட்டா உனக்கு யாரு கேப்பா?" என்பாள். இப்படி நல்லெண்ணத்தோடு கொட்டுகிறவளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அந்தச் செல்லக்கிளிதான் அன்று சாயங்காலம் வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உச்சிமாகாளியின் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். பின்னால் தெருவே நின்றது. சுவரில் கட்டினால் வீட்டுக்காரிக்கு, சரி. ஆள் மேலேயே கட்டினால்?

"இதுல யோசிக்க என்ன இருக்கு? யாரு மேல கட்டியிருக்கோ அவுகளுக்குத்தான்" என்று செல்லக்கிளி தீர்ப்புச் சொன்னாள். பிறகு, பழக்கதோஷத்தில் ஆவுடையின் பக்கம் திரும்பப் போன முகத்தை வழியிலேயே நிறுத்தி, உச்சிமாகாளியைப் பார்த்து, "என்ன தம்பி, விசேஷமா?" என்று கேட்டாள்.

ஆவுடைக்கு முதலில் காது கேட்டதா இல்லையா என்றே சந்தேகம். அந்தக் கேள்வி அவளைத் தாண்டி அவள் புருஷனிடம் போய் நின்றது! அடுக்களைக்குள் ஓடிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துச் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூடு வளர்ந்தது. சொம்பளவு இருந்தது கொஞ்ச நாளில் தவலையளவு ஆனது. அதன் மண்ணில் ஒரு வரி சிவப்பு, ஒரு வரி கறுப்பு, நடுநடுவே செல்லக்கிளி வீட்டுத் துளசிமாடத்து மண்கூட இருந்தது. ஆணா பெண்ணா என்று தெருவால் முடிவுகட்ட முடியவில்லை. ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இருந்த பெண் அவன் வயிற்றைப் பார்த்தாள், என்ன குழந்தை என்று சொல்வது குற்றம் என்று எழுதியிருந்த போர்டைக் கைகாட்டினாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மசக்கை வந்ததே பார்க்கணும்! ஊரே வாசம் பிடித்து வருகிற சால்னாவைக் கிளறுகிறவனுக்குச் சால்னா வாசம் ஆகவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடுவான். பரோட்டாக் கல்லுக்கு முன்னால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான், கடை முதலாளி அவனுக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார், சர்வர் பையன்கள் மைதா மூட்டையை அவனைத் தூக்க விடவில்லை. மண் தின்ன ஆசை வந்தது, ஆற்றங்கரைச் செம்மண்ணைக் கட்டி கட்டியாக மடியில் வைத்துக்கொண்டு மென்றான். டவுன் பஸ்ஸில் ஏறினால் லேடீஸ் சீட்டிலிருந்து பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். டீக்கடையில், ஜென்மத்தில் அடுப்படிப் பக்கம் போகாத ஆம்பளைகள் எல்லாம், "ஏல மாகாளி, கால் வீங்குதா? சீரகத் தண்ணி குடி", "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். செல்லக்கிளியின் புருஷன், ரிட்டயர்டு கண்டக்டர் நாறும்பூ அண்ணாச்சி, தினமும் காலையில் ஒரு கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் வத்தல்பொடியும் தூவிக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு, பெரிய மீசையைத் தடவிக்கொண்டு, "நமக்கெல்லாம் எங்கப்பா இந்தக் கொடுப்பினை" என்று அந்தத் தவலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஆவுடையோ தெருவில் மிதந்தாள். குழாயடிக்குப் போனால், "அவருக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார்களே தவிர அவளை ஒருத்தியும் நோண்டவில்லை. குடம் பஞ்சாகத் தூக்க வந்தது. வருஷக்கணக்காகப் போகாத கல்யாணங்களுக்கெல்லாம் போனாள், பந்தியில் இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், மருதாணி வைத்துக்கொண்டாள், ஆற்றுக்குக் குளிக்கப் போனவள் கரையில் யாருமில்லை என்று நினைத்துப் பாட்டுப் பாட, படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த சலவைக்காரர் கைதட்டினார்.

ஒருநாள் உச்சிமாகாளி கடையிலிருந்து பாதியில் திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கூட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"என்னாச்சு, வலிக்கா?"

"சாப்பிட வந்த ஒருத்தன் கேக்கான்ட்டி, 'என்ன மாஸ்டர், இன்னுமா ஆகல, ஏதும் கோளாறா, நல்ல டாக்டரா பாக்கக் கூடாதா'ன்னு. எல்லாரும் என் வயித்தைப் பாத்துட்டுத்தான் மூஞ்சியப் பாக்கானுவ." கூட்டைத் தடவிக்கொண்டான். "எனக்கு இந்தக் கொஞ்ச நாளே தாங்க முடியல. உன்கிட்ட இத்தனை வருசமா கேட்டாங்களே, நான் பக்கத்துல நின்னுக்கிட்டு வெத்தலை மென்னுக்கிட்டு இருந்தேனே. நீ எப்பிடித் தாங்குன?"

ஆவுடை அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கூடு இடையில் இடித்தது, கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாளையங்கோட்டையிலிருந்து பூச்சி டீச்சர் வந்தது அந்த வாரத்தில்தான். எஸ்தர் ஞானமணி என்று பேர், காலேஜில் விலங்கியல் பாடம், குளவி என்றால் உயிர். ஸ்கூட்டரை நிறுத்தி, லென்ஸை எடுத்து, உச்சிமாகாளியின் வயிற்றில் கண்ணை வைத்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. மனிதன் வயிற்றில் எப்படிக் கட்டியது என்று அவரும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இது யாரும் பாக்காத குளவி. இதுக்கு உலகத்துல இன்னும் பேரே வைக்கல. புது ஸ்பீஷிஸ்!"

"என்ன சொல்லுதாவ?" என்று பின்வரிசை கேட்டது.

"புது விசேஷமாம்" என்றாள் செல்லக்கிளி. "அதான் நமக்கே தெரியுமே."

டீச்சர் கூட்டைக் காட்டி விளக்கினார். உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும், ஒவ்வொரு அறையிலும் தாய்க்குளவி கூரையிலிருந்து ஒரு நூலில் முட்டையைத் தொங்கவிட்டு, கத்தரித் தோட்டத்துப் பச்சைப்புழுக்களைக் கொட்டித் தூக்கி வந்து அடுக்கி, மண்ணால் வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். பிள்ளையின் முகத்தை அது பார்ப்பதே இல்லை.

"அந்தப் புழுவைக் கொட்டிக் கொட்டித்தானே குளவி ஆக்குது?" என்றாள் செல்லக்கிளி.

"இல்லைங்கம்மா. குளவி முட்டையிலிருந்துதான் வருது. புழு அதுக்குச் சாப்பாடு. கொட்டு வாங்கின புழு எதாவும் மாறாது. சாகாது, அசையவும் முடியாது. சும்மா உசுரோட கிடக்கும்."

"அது எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் ஆவுடை.

சொன்ன விதத்தில் எஸ்தர் டீச்சர் லென்ஸை இறக்கிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். செல்லக்கிளிக்கு அது உறைக்கவில்லை, அவள் வேறு வேலையில் இருந்தாள். "டீச்சருக்கு எத்தனை பிள்ளையளு?" என்று கேட்டாள்.

"பெட்டி பெட்டியா இருக்கும்மா" என்றார் டீச்சர். "எல்லாம் ஊசி குத்தி வச்சிருக்கேன்."

தெரு கொஞ்சம் பின்வாங்கியது. அப்போதுதான் அந்தச் சமாச்சாரம் வெளியே வந்தது. புதுப் பூச்சிக்குப் பேர் வைப்பதென்றால் சும்மா வைக்க முடியாது, பேருக்கு ஒரு உடம்பு வேண்டும். முதலில் வெளியே வருகிறதைப் பிடித்துப் புட்டியில் போட்டு, உசுர் போனதும் ஊசியில் குத்தி, பெட்டியில் வைத்துக் காட்டினால்தான் உலகம் அந்தப் பேரை ஒத்துக்கொள்ளும்.

"பேர் வைக்கிற அன்னைக்குப் பிள்ளையைக் கொல்லுததா! இது எந்த ஊரு முறை?" என்று நாறும்பூ அண்ணாச்சி கத்தினார். உச்சிமாகாளி இரண்டு கையாலும் கூட்டை மூடிக்கொண்டான். "எம் பிள்ளை மேல ஊசி பட்டுச்சு, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றான். ஊரில் கோழியை நொடியில் உரிக்கிறவன், அன்று ஒரு ஊசிக்குப் பயந்தான்.

ஆவுடையின் பயம் வேறு. கூடு எப்போது திறக்கும் என்று டீச்சரிடம் தனியாகக் கேட்டாள். சீக்கிரமே, என்றார் அவர். திறந்தால்? பூச்சி பறந்துவிடும், கூடு உதிர்ந்துவிடும், உச்சிமாகாளிக்குப் பழைய தொப்பை, தெருவுக்குப் பழைய வாய். மறுநாள் காலையில் குழாயடியில் அந்தக் கேள்வி அவள் இடுப்பிலேயே வந்து உட்காரும். "அது திறக்காம இருக்க மருந்து ஏதும் உண்டா டீச்சர்?" என்று கேட்டே விட்டாள். கேட்டது தப்பென்று உடனே வெட்கமாகிப்போனது. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் கேக்காங்க ஆவுடை. நான் போற வீடெல்லாம் குளவிக்கூடு பாக்கத்தானே போறேன். கூட்டைக் காட்டுறதுக்கு முன்னாடி அதைத்தான் கேக்காங்க" என்றார்.

வளைகாப்பு வைக்காமல் விடுவார்களா? வாசலில் பந்தல், ஏழு வகைச் சோறு, மைக் செட்டில் பக்திப் பாட்டு. பரோட்டா மாஸ்டர் கைக்கு வளையல் தேடி வளையல்காரர் மூன்று ஊர் அலைந்தார், தேங்காயெண்ணெய் தடவித்தான் ஏற்ற முடியும் என்றார். மனையில் பட்டுவேட்டியோடு, மடியில் தவலைக் கூட்டோடு உச்சிமாகாளி உட்கார்ந்திருந்தது, சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஆவுடை சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லுட்டி" என்றாள் செல்லக்கிளி, மெதுவாகத்தான் சொன்னாள். "முதல் வளையல் பிள்ளை பெத்தவ கைதான் போடணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

ஆவுடையின் கை மரத்தது, கிண்ணம் சாய்ந்து சந்தனம் வழிந்தது. உச்சிமாகாளி கண்ணை உயர்த்தினான்.

"மதினி, வயித்தில சுமக்கது நான். எனக்கு முதல் வளையல் எம் பொண்டாட்டி போடுவா. இல்லன்னா எனக்கு வளையலும் வேண்டாம், இந்தச் சோறும் வேண்டாம். பத்து வருசமா இந்தத் தெருவே கொட்டிக் கொட்டி அவ அசையாம கிடந்தா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இனி பாக்க மாட்டேன்."

மைக் செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டிருந்தான். அந்த அமைதியில் ஆவுடை குனிந்து, அவனுடைய தடித்த மணிக்கட்டில் முதல் கண்ணாடி வளையலை ஏற்றினாள், அடுத்ததையும் ஏற்றினாள், அது கிணுங்கென்று முதல் வளையலில் இடித்தது, கூட்டுக்குள்ளிருந்து அதற்கு யாரோ ஙொய்யென்று பதில் சொன்னார்கள்.

கறுக் கறுக்கென்று மண்ணைக் கடிக்கும் சத்தம். பந்தலே எட்டிப் பார்த்தது. கூட்டில் ஒரு ஓட்டை விழுந்தது, அதிலிருந்து மீசை, மீசைக்குப் பின்னால் முகம், முகத்துக்குப் பின்னால் நூல் இடுப்பு. உச்சிமாகாளி "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். பிறகு ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்து, குளவிகள் ஈரச் சிறகோடு ஊர்ந்து வந்து அவனுடைய வளையல்களில் வரிசையாக உட்கார்ந்தன. பெண்கள் குலவை போட்டார்கள், ஆண்களும் போட்டார்கள், நாறும்பூ அண்ணாச்சி தனக்கு வராத குலவையைப் போட்டதில் பொய்ப்பல் கழன்று சாம்பார் வாளியில் விழுந்தது.

எஸ்தர் டீச்சர் புட்டியைக் கையில் வைத்தபடி நின்றார், மூடியைத் திறக்கவில்லை.

கடைசி அறை மட்டும் திறக்கவில்லை. ஆவுடை காதை வைத்துக் கேட்டாள், சத்தமில்லை. விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். உள்ளே ஒன்று, சிறகு விரிவதற்கு முன்னமே, சுருண்டு, காய்ந்து, அழகாக இருந்தது. ஆவுடை அதை உள்ளங்கையில் எடுத்து எல்லாருக்கும் முன்னால் அழுதாள், கல்யாணமான மறு வருஷம் கலைந்துபோனதற்காக அன்றுதான் வாய்விட்டு அழுதாள். செல்லக்கிளிதான் முதலில் புரிந்துகொண்டு, ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "தாயி, எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சா கேட்டிருப்பேனா" என்று அவளும் அழுதாள்.

ஆவுடை கண்ணைத் துடைத்துவிட்டு டீச்சரிடம் கையை நீட்டினாள். "பேருக்கு ஒரு உடம்பு வேணும்னீகளே. இதைக் கொண்டு போங்க. பேரில்லாமப் போக வேண்டாம்."

பிறகு குனிந்து, அதன் காது எங்கே இருக்கும் என்று தெரியாததால் தலைக்குப் பக்கத்தில் உதட்டை வைத்து, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மூன்று தடவை சொன்னாள்: "விசேஷம். விசேஷம். விசேஷம்." வளையலில் இருந்த குளவிகள் எல்லாம் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு ஒரே சமயத்தில் கிளம்பிப் பந்தலுக்கு மேலே பறந்தன. டீச்சர் அந்தப் பேரை அப்படியே பதிந்தார், இன்றைக்கும் அந்தப் பெட்டியில் அதே பேரில்தான் இருக்கிறது. உச்சிமாகாளியின் வயிற்றிலிருந்து காலிக் கூடு பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் ஒரு பெருமூச்சு விட்டு, தொப்பையைச் சொறிந்து, "பசிக்கி" என்றான்.

மறுநாள் காலையில் ஆவுடை குழாயடிக்குப் போனாள். கால் நடந்ததே தவிர, மனசு நடக்கவில்லை. எல்லாரும் குடத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். செல்லக்கிளி மட்டும் நிமிர்ந்தாள். நேற்று அழுதது அழுததுதான், ஆனால் நாக்குக்கு அது தெரியுமா, அத்தனை வருஷப் பழக்கம், "ஏட்டி ஆவுடை, அப்ப இனிமே..." என்று அது தன்னால் ஆரம்பித்துவிட்டது. ஆவுடையின் கை குடத்தின் கழுத்தில் இறுகியது.

அப்போது செல்லக்கிளியின் வீட்டுக்குள்ளிருந்து, "ஏ கிளி! ஏ கிளீ! இங்க ஓடி வாயேன்!" என்று நாறும்பூ அண்ணாச்சியின் குரல் கேட்டது. செல்லக்கிளி ஓடினாள், குழாயடியே பின்னால் ஓடியது. அண்ணாச்சி ஈஸிச்சேரில் அசையாமல் மல்லாந்திருந்தார், பனியனை நெஞ்சுவரை சுருட்டியிருந்தார், முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. அவருடைய வயிற்றில், தொப்புளுக்கு மேலே, மஞ்சள் வளையம் போட்ட இளங்குளவி ஒன்று ஙொய்ய்யென்று பாடிக்கொண்டு முதல் மண் உருண்டையைப் பூசிக்கொண்டிருந்தது.

செல்லக்கிளி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லத் திரும்பி, தெருவின் எல்லா முகங்களையும் பார்த்து, கடைசியில் ஆவுடையின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கும்பிடு இருந்தது.

கேள்வி ஆவுடையின் நாக்கு நுனியில் வந்து நின்றது. பத்து வருஷத்துக்கு மேல் வாங்கிச் சேர்த்த கேள்வி, கற்கண்டு மாதிரி இனித்தது. தெருவே அவள் கேட்பாள் என்று காத்திருந்தது, கேட்டால் ஒருத்தரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் அதைக் கடித்து விழுங்கினாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வீட்டுல கிளிமூக்கு மாங்கா மிச்சம் கிடக்கு மதினி," என்றாள், "அண்ணாச்சிக்குக் கீறிக் கொண்டாரட்டுமா?"